நிற்காத பஸ்ஸுக்கு ஒரு மிஸ்டு கால்

ஜூன் 9, திங்கள்

பிரின்சி இன்றோடு வேலையை விட்டுக் கிளம்பிவிட்டாள். கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை. எப்படித் தடுப்பது? எங்கள் தொண்டு நிறுவனத்தின் சேலம் சூரமங்கலம் அலுவலகத்தில் இனி நான் ஒருத்திதான். இரண்டு மேஜை, ஒரு ஆள்.

சென்னையிலிருந்து எங்கள் இயக்குநர் ஆரோன் சார் பேசினார். "இந்த வருஷம் ஊர்ப் பயணமெல்லாம் முடியாது ஜோஸ்லின். போன்லயே பாத்துக்கோங்க." போனில் என்ன பெண்கள் சங்கம் நடத்துவது? பெண்களோடு தரையில் உட்கார்ந்து பேசித்தான் எனக்குப் பழக்கம்.

ஜூன் 10

மதியம் டப்பாவைத் திறந்துவிட்டு "ரசம் வேணுமா?" என்று எதிர் மேஜையைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

கண்ணாத்தாள் அக்கா கூப்பிட்டார். புதுச்சத்திரம் பக்கம் கரட்டுமேட்டில் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் வேலை அவருக்கு. குரலே சரியில்லை.

"எங்கூட வேல செய்யற ராமாயிக்குக் கால் ஒடஞ்சு போச்சுங்க மேடம். நாமக்கல் பெரியாஸ்பத்திரில சேத்திருக்குதுங்க."

கரட்டுமேடு பிரிவில் பஸ் நெடுஞ்சாலைப் பாலத்தில் ஏறாமல் கீழே சர்வீஸ் ரோட்டில் வந்து நிற்க வேண்டும். சாயங்கால பஸ் கீழே இறங்குவதே இல்லையாம். "பாலத்து மேலயே போயிருதுங்க. பொழுதோட நின்னு நின்னு பாத்துட்டு, ரோட்டோரமா நடந்து ஊடு போய்ச் சேர்றமுங்க. நேத்து பைக்குக்காரன் ஒருத்தன் ராமாயிய அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிட்டான்."

புகார் கொடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"குடுக்காம இருப்பமுங்களா? பஸ்ஸு நிக்குதுன்னே பதில் வருதுங்க."

நிற்கவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? இல்லாத ஒன்றைப் படம் பிடிக்க முடியுமா?

ஜூன் 15, ஞாயிறு

முடியும். பாலத்தின் மேல் போகிற பஸ்ஸை எடுக்கலாமே.

பெரும்பாலானவர்களிடம் பட்டன் போன்தான். சிலரிடம் மட்டும் டச் போன். டச் போன் வைத்திருப்பவர்கள், படத்தின் மேலேயே இடமும் நேரமும் பதிகிற கேமரா ஆப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். காசில்லாமல் கிடைக்கிறது. மற்றவர்கள் பஸ் நிற்காத அன்று எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். அதற்கென்று அம்மாவின் பழைய போனில் புது நம்பர் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தேதிவாரியாக ஏற்றிவிடலாம்.

அம்மா போன பிறகு அந்தப் போனை இன்றுதான் சார்ஜில் போட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சாயங்காலத் திருப்பலி. பைக்குள் அம்மாவின் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு பொம்பளை இருட்டுகிற நேரத்தில் ரோட்டோரம் நடக்கிறாள். அதற்கா சந்தோஷப்பட்டாய்? யாரோ கூப்பிடுகிறார்கள் என்பதற்கா? நற்கருணை வாங்கப் போகவில்லை.

ஜூலை 7, திங்கள்

நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். கண்ணாத்தாள் அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். படங்களை அதிகாரி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். "எல்லாத்துலயும் பஸ் பாலத்து மேலதான் இருக்கு" என்றார். எங்கள் எதிரிலேயே டெப்போவுக்குப் பேசினார்.

வெளியே வந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். அக்காவுக்கு பஸ் வந்துவிட்டது. எனக்கு இன்னொரு டீ குடிக்கத் தோன்றியது. குடித்தேன்.

ஜூலை 10

பஸ் கீழே வந்து நின்றுவிட்டது! அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பஸ் இரைச்சல், சிரிப்பு, நடுவில் யாரோ "தள்ளி ஒக்காரு புள்ள" என்கிறார்கள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

ஜூலை 19

போன் வரவில்லை. நல்லதுதானே. நல்லதுதான்.

ஜூலை 24, வியாழன்

மனசு கேட்காமல் நேரில் போனேன். கரட்டுமேடு பிரிவில் தள்ளி நின்று பார்த்தேன். பஸ் பாலத்தின் மேல் போனது. பெண்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

ஓடிப்போய் அக்காவைப் பிடித்தேன். ஏன் கூப்பிடலே? ஒரு மிஸ்டு கால் குடுக்கறதுக்கு என்ன கேடு? — இப்படியா பேசுவேன் நான்?

அக்கா கோபப்படவில்லை. "கூப்புட்டு என்னங்க பண்றது? நீங்க எழுதுவீங்க. அவங்க ஒரு வாரம் நிறுத்துவாங்க. மறுக்கா மேல போயிருவாங்க. நீங்க பாவம், சேலத்துல ஒத்தையா ஒக்காந்து எழுதிட்டே இருப்பீங்களாக்கும்?"

அவர்களோடு நடந்தேன். லாரி தாண்டும்போதெல்லாம் புடவை காற்றில் இழுத்தது. ஒரு இடத்தில் அக்கா என் கையைப் பிடித்து உள்பக்கமாகத் தள்ளிவிட்டு, தான் ரோட்டுப் பக்கம் வந்துகொண்டார். என் கையை ஒருவர் பிடித்து எத்தனை நாள் ஆயிற்று!

ஜூலை 27, ஞாயிறு

தப்பு எங்கே என்று தெரிகிறது. எல்லா அழைப்பும் எனக்கே வந்தது. அவர்களில் ஒருத்தி கூப்பிட்டது இன்னொருத்திக்குத் தெரியாது. நான் சங்கம் கட்டவில்லை, புகார்ப் பெட்டியாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். "இனி எனக்குக் கூப்பிட வேண்டாம். ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட்டுக்குங்க." கான்பரன்ஸ் கால் போடக் கற்றுக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஐந்தாறு பேர் ஒரே இணைப்பில் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்காதான் கேட்டார்: "அமுதவல்லி சேலத்துல ஜவுளிக்கடைல இருந்து அதே பஸ்ஸுல தான வாரா? அவ உள்ளருந்து எந்திரிச்சுச் சொன்னா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அமுதவல்லி சேலத்தில் புறப்படும்போதே அக்காவுக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டாள். பாலம் வருவதற்கு முன்னால் எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றாளாம். "கீழ எறங்குங்கண்ணா, எங்க ஊருக்காரங்க நிக்கறாங்க." கீழே எல்லாரும் பாலத்துக்கு முன்னால் சர்வீஸ் ரோடு பிரிகிற இடத்திலேயே, போன் லைட்டைப் போட்டுக்கொண்டு ஒன்றாக நின்றிருக்கிறார்கள். டிரைவர் ஏதோ முனகிவிட்டு பஸ்ஸைக் கீழே இறக்கியிருக்கிறார். "லேட்டானா டெப்போவுல எங்களத்தான் கேக்கறாங்க" என்று கண்டக்டர் சொன்னதற்கு, "அதையும் நாங்க வந்து சொல்றமுங்க" என்றாராம் அக்கா.

இதையெல்லாம் அக்கா நேற்றே சொல்லாமல், இன்று காலை முட்டை எடுத்துக்கொண்டே போனில் சொன்னார். ஆக, இது இன்று எழுதுகிற நேற்றுக் கதை.

ஆகஸ்ட் 22

ஆரோன் சார் அறிக்கை கேட்கிறார். "நம்ம பங்கு என்னன்னு தெளிவா வரணும்." ஒரு பழைய போன், ஒரு நம்பர் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அப்புறம் அதையே எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இந்த வாரம் முழுக்க யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் நானே அக்காவைக் கூப்பிட்டேன். ராமாயி ஊன்றுகோல் வைத்து நடக்கிறாளாம். பஸ் தினமும் இறங்குகிறதாம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் இப்போது ரேஷன் கடை திறக்காத அன்றெல்லாம் மிஸ்டு கால் கொடுக்கிறார்களாம்.

"யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தானுங்க."

அந்த அழைப்புகளைத் தேதிவாரியாக எப்படிக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அக்கா நடுவிலேயே, "போன வெக்கட்டுங்களா சாமி? கூப்புடறாங்க, திருப்பிக் கூப்புடோணும்" என்றார்.

நான் "சரிங்கக்கா" என்றது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.