ஒட்டகம் ஜெயித்த நாள்

12-1-2007, வெள்ளி. அல் ஐன்.

இன்றைக்கு ரேஸில் முதல் தடவையாக முதலாளி அர்பாபின் வண்டியை ஒட்டகத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டினேன். வண்டியிலிருந்து அவர் ரிமோட்டை அமுக்கினால்தான் ஒட்டகத்து மேலே ஆளுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கிற ரோபோ பொம்மை சாட்டையை வீசும். வண்டி பின்தங்கினால் சாட்டையும் நின்றுபோகும். போன டிரைவர் அப்படித்தான் பின்தங்கி ஆட்டுக் கொட்டகை வேலைக்குப் போனான்.

சுற்றிலும் வண்டிகள், ஒரே புழுதி. "யல்லா, யல்லா!" என்று அர்பாப் என் தோளில் குத்திக்கொண்டே வந்தார். வளைவில்கூட யாரையும் உரசவில்லை. நம்ம ஒட்டகம்தான் முதல்.

அவர் குஷியாக இருக்கும்போதே, மாசியில் மகள் கல்யாணம், லீவு வேண்டும் என்றேன்.

"லீவு மாஃபி, கிடையாது. உன்னை மாதிரி எவன் ஓட்டுவான்? ஏப்ரல்ல சீசன் முடியட்டும்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருக்கிறது.

ராத்திரி இதைச் சொன்னதும், "எங்கேயாவது லேசா இடிச்சிருக்கலாம்லண்ணே" என்றார் சமையல்கார காதர் பாய்.

"இடிச்சிருந்தா ஆட்டுக் கொட்டகையிலதான் பாய் எனக்குக் கல்யாணச் சாப்பாடு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நாளைக்கு மகளுக்கு போன் போடணும். முதலில் ஒட்டகம் ஜெயித்த கதையைச் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "எப்பப்பா வர்றே?" என்பாள்.