ஒயரிலிருந்து நீ அறுத்த கட்டி

அது ஒன்றுக்கும் ஆகாத கட்டி என்றுதானே சொன்னாய், கொழுந்தா? இன்று மகள் லேப்டாப் சார்ஜரை மேசையில் வைத்தாள். ஒயரில் அதே கறுப்புக் கட்டி, எலியை விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி. இது எதுக்குடி என்று கேட்டேன்.

"காத்துல வாற ரேடியோ சத்தத்த ஒயரு புடிச்சிரும்மா. உள்ள இருக்க காந்த வளையம் அதத் தடுக்குமாக்கும்."

சார்ஜரைப் பிடுங்கி அந்தக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

துபாயில் ஏசி துடைத்துவிட்டு வந்தவன், ஊரில் இறங்கியதும் இன்ஜினியர் ஆகிவிட்டாய். அம்மன் கோயில் மைக்செட்டையும் உன் கையில் கொடுத்தார்களே, அந்தக் கமிட்டிக்காரர்களைச் சொல்ல வேண்டும். புது ஒயரை அறுத்து, கட்டியை உருவிவிட்டு, மறுபடி முறுக்கி டேப் சுற்றினாய். "ஏலே, வச்சவன் கிறுக்கனா?" என்று நான் அப்போதே கேட்டேன்.

"எட கூட்டி விக்கதுக்கு வச்சதாக்கும் மைனி. ஒங்களுக்குக் கரண்டப் பத்தி என்ன தெரியும்?"

அன்று வெள்ளிக்கிழமை திருவிளக்கு பூஜை. வழக்கம்போல நூற்றெட்டுப் போற்றி வாசிக்க நான்தான் உட்கார்ந்தேன். "தாயே போற்றி" என்றேன். ஸ்பீக்கர், "ஏலே மக்கா, சாளை மீனு கெடச்சுதா?" என்றது. கடலில் கிடந்த வள்ளக்காரர்களின் ஒயர்லெஸ் பேச்சு! "அன்னையே போற்றி" என்றேன். "எளவு, வெறும் வலைதாம்லே!" விளக்குக்கு முன்னால் இருந்த பெண்டுகள் சிரித்த சிரிப்பில் திரி அணைந்தது.

கமிட்டித் தலைவர் கேட்டபோது வாய் கூசாமல் சொன்னாயே: "மைக்கு நல்ல மைக்கு. மைனிக்க நாக்குலதான் தோஷம்."

மறுவாரம் முதல் வேறொருத்தி வாசித்தாள். நான் கடைசி வரிசைக்குப் போனேன். இன்றும் அங்கேதான். உதடு மட்டும் அசையும். நூற்றெட்டில் ஒன்றுகூட மறக்கவில்லை, கேட்டுக்கொள். வருகிற வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிப்போய், தோஷம் யாருடைய மூளையில் இருந்தது என்று கமிட்டிக்குச் சொல்லச் சொல்கிறேன். என் இடம் எனக்கு வேண்டும்.

இரு, இப்போதுதான் நினைவு வருகிறது. கல்யாணம் கட்டாத உனக்குக் கடைசிக் காலத்தில் உடம்பு துடைத்துவிட்டது நான்தானே. அரைஞாண் கயிற்றில் கறுப்பாக ஒரு கட்டி கோத்திருந்தாய். "காந்தமாக்கும் மைனி, முதுகுவலிக்கு. அவுத்துராதீங்க" என்றாய். நீ ஏதோ பிதற்றுகிறாய், இது எந்தக் கோயில் தாயத்தோ என்று நினைத்து, அதைத் தொட்டு என் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.