ரோகிணிக்கு இன்னும் சேதி போகவில்லை

17.1.2025, வெள்ளி

பொங்கலுக்குக் கனகம்மாசத்திரம் போய் வந்தோம். வேலு அண்ணன் இந்த முறையும் மலரைத் தூக்கவில்லை. கால் சரியில்லையாம். உட்கார்ந்தபடி மடியில் வைத்துக்கொள்ளலாமே? ஒன்பது மாதக் குழந்தை என்ன கனம் கனக்கும்?

நவம்பரில் கரும்பு லோடோடு டிராக்டர் திருவாலங்காட்டு வளைவில் கவிழ்ந்து கால் உடைந்ததிலிருந்து அவன் பார்வை என் பெண் பக்கம் போவதே இல்லை. அவன் மனைவி நிர்மலா எதையும் மறைப்பவள் இல்லை. பலகாரப் பையை என் கையில் திணித்துக்கொண்டே சொன்னாள்: "ரோகிணில பொறந்த கொழந்த மாமனுக்கு ஆவாதுன்னு ஊரே சொல்லுது. நான் இன்னா பண்றது அனு, எனக்கு இருக்கறது ஒரே புருஷன்."

பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

22.1.2025

அம்மா வந்திருந்தது. மார்ச் ஒன்பதாம் தேதி எங்கள் ஊர் மலைமேல் முருகன் கோயிலில் காதுகுத்து என்று நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். அதற்கு அம்மாவும் நிர்மலா அண்ணியும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"மொதல்ல சாமிக்குக் குடுத்துடலாம். அப்புறம் மணியம்மை பெரிம்மா ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கிக்கும். அதோட அது உம்பொண்ணு இல்ல. வேலு அதுக்கு மாமனும் இல்ல. தோஷம் கழிஞ்சிது."

"மாமனே இல்லன்னா எதுக்கும்மா அவன் மடி?"

"பேருக்குத்தாண்டி எல்லாம். படிச்சா இப்படித்தான் குறுக்குக் கேள்வி கேக்கத் தோணும்."

பேருக்குத்தான். பேர்தான் ஒட்டிக்கொள்ளும் என்பது அம்மாவுக்குத் தெரியாதா? என்னோடு பத்தாவது படித்த பிரியங்காவைத் தவிட்டுக்கு வாங்கியிருந்தார்கள். அட்டென்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் அவள் பிரியங்கா. மற்ற நேரமெல்லாம் "ஏ தவுடு". அவள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுக்கூட ஒருத்தி, "யார்றீ இது? ஓ, தவுடா" என்றாள்.

என் பெண் தவிட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் வேலு உட்கார மாட்டான் என்று அம்மா சொல்லிவிட்டது. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டது.

24.1.2025

எம்.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. பயமாக இருக்கிறது.

3.2.2025

அண்ணன் பெயர் போனில் வந்தாலே எடுக்கத் தயங்குகிறேன். அவனுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்? தற்செயலாக, மழையில் வழுக்கி... அப்போது நானே மலரைத் திரும்பிப் பார்ப்பேனோ? ஒரு நொடி, ஒரே நொடி? அந்த நொடியை நினைத்துத்தான் பயப்படுகிறேன். அண்ணி மேல் பாதி, என் மேல் பாதி கோபம்.

நான் பாடம் நடத்தும் பள்ளியில் தலைமையாசிரியை மனோரமா மேடம் கூப்பிட்டார். பிப்ரவரி 28 அறிவியல் நாள், பெற்றோர்களும் வருவார்கள், "விண்வெளித் தொலைநோக்கிகள் பற்றி நீங்க பேசுங்க அனுசுயா. அரை மணி நேரம். யாரும் தூங்கக் கூடாது." சரி என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

5.2.2025

மலர் தூங்கும் நேரமெல்லாம் படிக்கிறேன். கல்லூரியை விட்டு ஆறு வருடத்தில் எவ்வளவு நடந்துவிட்டது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கிறது. அண்டம் பிறந்து முப்பது கோடி வருடம்கூட ஆகாத காலத்து விண்மீன் மண்டலம் ஒன்று அதில் தெரிகிறது. இத்தனை காலம் பயணம் செய்ததில் அந்த ஒளி இழுபட்டு, நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பாகி வந்து சேர்கிறது. நாற்பது ஒளியாண்டு தூரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விண்மீன், அதைச் சுற்றி ஏழு கோள்கள், எல்லாம் ஏறக்குறைய பூமி அளவு. அவற்றை நேராக யாரும் பார்க்கவில்லை. குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி ஒரு துளி குறைகிறது, அதை வைத்தே கண்டுபிடித்தார்கள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலைப்படி விளக்குகளைப் பார்த்தால், ஆள் தெரியாது. விளக்கு ஒரு முறை மங்கி எரிந்தால் யாரோ ஏறுகிறார்கள் என்று தெரியும். அதே கணக்குதான். அந்த ஏழில் உள்வட்டத்துக் கோள்களில் கனமான காற்று இருப்பதாகத் தெரியவில்லையாம். பூமி போலிருக்கும் என்று ஆசைப்பட்டார்கள், இல்லை என்றது தொலைநோக்கி. இல்லை என்றால் இல்லை என்று எழுதுகிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் தேடினேன். பேச்சுக்காக இல்லை, எனக்காக. ரோகிணி. 1989இல் ஐரோப்பியர்கள் அனுப்பிய விண்கலம் ஒன்று விண்மீன்களின் தூரத்தை அளந்தது. ரோகிணி ஏறக்குறைய அறுபத்தைந்து ஒளியாண்டு. சூரியனைப் போல நாற்பது மடங்குக்கு மேல் அகலம்.

அறுபத்தைந்து. அம்மாவுக்கே அறுபத்திரண்டுதான்.

8.2.2025

அம்மா கோபத்தோடு கோபமாகப் பேத்தியைப் பார்க்க வந்தது. ஏழு மணிக்கு மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். தலைக்கு நேர் மேலே, ஆரஞ்சு நிறத்தில்.

"இதான் ரோகிணியா? நான் பார்த்ததே இல்ல."

பார்த்ததே இல்லாத ஒன்றை வைத்து இத்தனையும்.

"பக்கத்துல பெருசா, அது இன்னா?"

"வியாழன். குரு."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது. "குரு பக்கத்துலயே ஒக்காந்துகினு இருக்காரா. அப்போ ஒண்ணும் ஆவாதுடி. நிர்மலாகிட்ட சொல்றேன்."

எவ்வளவு சுலபம். ஆங், சொல்லும்மா என்று விட்டிருக்கலாம். சித்திரை வந்தால் குரு நகர்ந்துவிடும், அப்போது? குரு பக்கத்தில் இல்லை, அதன் ஒளி நாற்பது நிமிடத்தில் வருகிறது, ரோகிணி ஒளி வர அறுபத்தைந்து வருடம் என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், குரு கொடுத்த ஆறுதலைப் பிடுங்கிய பாவி நான்.

20.2.2025

மலரின் தடுப்பூசி அட்டையைத் தேடும்போது பிரசவ அட்டை கிடைத்தது. பிறந்த நேரம் 1.05.

ஜாதகத்தில் இருப்பது 1.55. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஜோசியருக்குப் போனில் நேரம் சொன்னது வேலு அண்ணன்தான். நர்ஸ் சைபரை வால் வைத்து எழுதியிருக்கிறார். அவன் அஞ்சு என்று படித்துவிட்டான்.

பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை மணி வாக்கில்தான் ரோகிணி பிறக்கிறது. 1.05க்கு கார்த்திகை. முருகனுக்குரிய நட்சத்திரம். இந்த ஊரில் அதைவிட உசத்தி எது?

அட்டையை மூன்று தடவை படித்தேன். சந்தோஷத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன்.

21.2.2025

இவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அட்டையைக் காட்டினேன். துள்ளிக் குதித்தார். "முடிஞ்சுது பிரச்சனை. இப்பவே உங்க அண்ணிக்குப் போட்டோ அனுப்பு."

"அனுப்ப மாட்டேன்."

"ஏன்?"

"ரோகிணில பொறந்தா கெட்டவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அனு, தேதிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. உனக்குக் கொழந்த முக்கியமா, கொள்கை முக்கியமா?"

குழந்தைதான் முக்கியம். அதனால்தான். ஒரு சைபரால் தப்பித்தவள் என்று அவள் வளர வேண்டுமா? உண்மையிலேயே 1.55க்குப் பிறந்திருந்தால் என் மடியிலிருப்பது வேறு குழந்தையா? அதே மூக்கு, அதே அழுகை. காட்ட மாட்டேன். மறைப்பது தப்பு என்றால் தப்பாகவே இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் தங்கவேல் அவர்களுக்கு இன்று சாப்பாடு வேண்டாமாம். சரி.

28.2.2025

பேசிவிட்டேன். முதல் ஐந்து நிமிடம் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்புறம் பின்வரிசையில் ஊன்றுகோல் தெரிந்தது. வேலு அண்ணன். கூப்பிடாமலே வந்திருக்கிறான்.

அதற்கப்புறம் நான் எழுதி வைத்ததைப் படிக்கவில்லை. வெப், ஏழு கோள்கள், படி விளக்கு எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ரோகிணிக்கு வந்தேன். "நாம இன்னிக்குப் பார்க்கிற ரோகிணி வெளிச்சம் அறுபத்தஞ்சு வருஷம் முன்னாடி கிளம்பினது. அதே மாதிரி இங்கிருந்து ஒரு சேதி அங்க போகவும் அறுபத்தஞ்சு வருஷம் ஆகும். போன வருஷம் ஒரு கொழந்த பொறந்துதுன்னா, அந்தச் சேதி ரோகிணிக்கு இன்னும் போகல. தனக்குத் தெரியவே தெரியாத கொழந்தைய வெச்சு அது யார் காலை உடைக்கும்?"

கால் என்று வாய் தவறி வந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கூட்டம் கலைவதற்குள் போய்விட்டான்.

அத்தனை பேர் எதிரில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதற்கு வருத்தமும் இல்லை.

3.3.2025

அண்ணன் ஆட்டோ பிடித்து வந்தான். மலர் தரையில் டப்பா மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ பேசினதுல பாதிதான் புரிஞ்சுது. அந்தச் சேதி போகலன்னது மட்டும் நல்லா புரிஞ்சுது."

"உம்."

"லோடு ஓவரு, அனு. மில்லுல லைன் புடிக்கணும்னு அவசரம். வளைவுல அடிக்கணும் பிரேக்கு, அடிக்கல. மொத நாள்லருந்தே எனக்குத் தெரியும். வெக்கமா இருந்துது. நிர்மலா பழிய பாப்பா பேர்ல போட்டா, நானும் உட்டுட்டேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. நாலு மாசம்டா பாவி, நாலு மாசம் என் பொண்ண ஒருத்தரும்... முழுவதும் சொல்லவில்லை. அழுதுவிட்டேன். அவனும்தான்.

"தவுடெல்லாம் வேணாம். நான் ஒக்காறேன்" என்றான்.

அதைச் சொன்ன பிறகுதான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கண்ணருகே வைத்துப் பார்த்தான். "இது சைபரா? பன்னிக்குட்டி வாலு மாதிரி இருக்குது. நாந்தான் சொன்னேன் ஜோசியருக்கு." பிறகு மடித்து என் கையிலேயே வைத்தான். "நிர்மலாகிட்ட காட்டாத. காட்டினா, நட்சத்திரம் நல்லதுன்னு வந்தேன்னு ஆயிடும். ரோகிணியாவே இருக்கட்டும்."

இவரிடம் சொன்னேன். "அண்ணனும் தங்கச்சியும் ஒரே மாடல்" என்றார். பத்து நாளுக்குப் பிறகு என்னோடு சேர்ந்து சாப்பிட்டார்.

9.3.2025, ஞாயிறு

மலைமேல் வெயிலுக்கு முன்பே ஆகிவிட்டது. காலுக்குள் கம்பி இருப்பதால் அண்ணனால் சம்மணம் போட முடியவில்லை. ஒரு காலை நீட்டிக்கொண்டு, மறு தொடையில் மலரை வைத்துக்கொண்டான். ஆசாரி இரண்டு தடவை அதட்டினார், "மாமா, நீங்க ஆடாதீங்க. கொழந்த சும்மாத்தான் இருக்குது." வலது காதுக்கு அழவில்லை. இடது காதுக்கு மலை எதிரொலிக்க அழுதாள்.

நிர்மலா அண்ணி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்திருந்தாள். தூண் பக்கம் தள்ளியே நின்றாள். என்னோடு ஒரு வார்த்தை இல்லை, குழந்தைக்குப் பொட்டுகூட வைக்கவில்லை.

இறங்கும்போது அண்ணனுக்கு ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை இவர் தோளில். அம்மாவிடம் பைகள். நான் மலரையும் தண்ணீர் கூஜாவையும் வைத்துக்கொண்டு தடுமாறினேன். பின்னாலிருந்து அண்ணியின் கை நீண்டது.

"குடு இங்க. வுழுந்து வைக்கப் போற."

"பரவால்ல அண்ணி."

"நீ பேசினது எதையும் நான் நம்பல. கொழந்தையக் குடு."

கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை. மலர் அவள் தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணி அதைப் பிடுங்கவில்லை. சரடு இழுபடாமல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.