வண்டி மேல் போட்ட பழி

பழவேற்காடு
5-8-1974

அன்புள்ள மகன் சிரஞ்சீவி துளசிராமனுக்கு, அம்மா தாயாரம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் நலம் என்று முதல் வரி எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உன் தம்பி தணிகாசலம் போன பிறகு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. உன் நைனாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். ஜபல்பூரில் நீ வேளைக்குச் சாப்பிடு. பட்டினி கிடந்தால் போனவன் வந்துவிடப் போவதில்லை, உடம்புதான் கெடும். இதைச் சொல்கிற நீ சாப்பிடுகிறாயா என்று என்னைக் கேட்காதே.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. காரியத்துக்கு வர லீவு கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய், பட்டாளத்து வேலையில் அது உன் கையிலா இருக்கிறது, ஊரில் யாரும் உன்னைக் குறையாகப் பேசவில்லை, பேசினால் நான் சும்மா விடமாட்டேன் என்று அவர்களுக்கும் தெரியும். அடுத்தபடி நீ எழுதியிருந்ததைப் படித்துத்தான் வயிறு எரிந்தது. நான் சொல்லித்தானே அந்த ஜீப்பை வாங்கினீர்கள், மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வண்டியைப் பிரித்துப் பூட்டியவன் என் தம்பிக்கு ஒரு நல்ல வண்டி சொல்லத் தெரியாமல் போனேனே, கண்ணை மூடினால் அவன்தான் வந்து நிற்கிறான் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் ராசா, அப்படி நினைக்காதே.

வண்டி எடுத்த கதையை நீ லீவில் வரும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். முகத்துவாரம் மணல் அடைத்து இந்தப் பக்கம் ஏரி வற்றியதும் மீன் இல்லை, இனிமேல் முறை வைத்து வலை போடுகிற பாடு முழுவதும் எளாவூருக்குக் கிழக்கே அந்தக் கரையில்தான் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. பாடு விழுந்த அன்று விடியும்போது நம் தோணி அந்தத் தண்ணீரில் நிற்காவிட்டால் வலை போடுகிற முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும், உனக்குத் தெரியாததா. சேற்றில் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது, மாட்டுவண்டியில் அவ்வளவு தூரம் ஏற்றிப்போனால் மாடு நுரை தள்ளிவிடும், அதனால்தான் நாலு வீடு சேர்ந்து ஒரு வண்டி வாங்குவது என்று ஆனது. பொன்னேரியில் ஒரு பிளஷர் கார் பார்த்தார்கள், தோணியை மேலே வைத்தால் கூரை உட்கார்ந்துவிடும் என்று தணிகா வேண்டாம் என்றான். கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய டெம்போ, அது வெறும் வண்டியாகவே மேடு ஏற மூச்சு வாங்கியதாம். சோழவரத்தில் பட்டாளத்தில் கழித்த ஜீப்பும் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லரும் இருக்கிறது என்று தெரிந்துதான் உனக்கு எழுதிக் கேட்டோம். ஜீப்பையே வாங்குங்கள், ஆனால் பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில் குனிந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள் என்று நீ எழுதினாய். உன் நைனா வண்டிக்கு அடியில் படுத்து, தோணிப் பலகையைத் தட்டிப் பார்ப்பது போல விரலை மடக்கித் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாராம். விற்கிறவன் ‘இன்னா பெரியவரே, வண்டிக்கு நாடி பாக்கறியா’ என்றானாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனிதர் இவ்வளவு பார்க்கவில்லை. தணிகாவுக்கு அந்த வண்டி மேல் உயிர், ஏரித் தண்ணீர் பட்டால் துரு ஏறும் என்று தினம் கிணற்றுத் தண்ணீர் சேந்தித்தான் கழுவுவான். தை பிறந்ததும் அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்று இருந்தோம்.

நம் வலை முறைக்கு முந்தின நாள் மத்தியானம் தோணியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுச் செங்கல்வராயன் துணைக்கு ஏறிக்கொண்டான், உன் நைனா வலையை எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. புறப்படும் முன்னால் அவர் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். கரையேறின தோணி வெயிலில் காய்ந்தால் பலகை பிளந்துவிடும் என்று மாட்டுவண்டியில் ஏற்றும்போதும் உள்ளே தண்ணீர் ஊற்றித்தானே அனுப்புவோம், நம் ஊரில் யார் அதைச் செய்யவில்லை. குடம் குடமாக ஊற்றினார். ‘போதும் நைனா, வண்டி இஸ்க்காது’ என்று தணிகா சொன்னான். ‘நீ இன்னாடா கண்ட, எளாவூர் போறதுக்குள்ள பலகை பூரா வாயப் பொளந்துக்கும்’ என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றினார். மாடு நடக்கிற நடைக்கு அந்தத் தண்ணீர் ஆடாது, ஜீப் ஓடுகிற ஓட்டத்துக்கு ஆடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எளாவூர் வளைவில் எதிரே லாரி வந்தது, தணிகா ஒதுங்க ஸ்டியரிங்கை ஒடித்தான், அவ்வளவுதான். செங்கல்வராயன் கைமுறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் மட்டும் அழுதான், ‘தண்ணி பூரா ஒரு பக்கமா வந்து அட்ச்சிச்சி பெரீம்மா, வண்டிய அப்படியே பள்ளத்துக்கு இஸ்துக்கினு பூட்ச்சி’ என்று. பிறகு வண்டியைச் சோதித்த மெக்கானிக்கும் பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங் எதிலும் குறை இல்லை என்றுதான் சொன்னார். நீ சொன்ன வண்டி நல்ல வண்டி துளசி. அதை நீ நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்.

கடிதத்தின் கடைசியில், தோணியில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டிருந்தாய். படித்தவன், வண்டி வேலை தெரிந்தவன், உனக்குத் தோன்றாமல் இருக்குமா. உன் நைனாவுக்கு அந்த ஒரு வரியை மட்டும் நான் படித்துக் காட்டவில்லை. அவர் ஜீப்பைத்தான் திட்டுகிறார். ‘பெரியவன் சொன்ன வண்டி, சின்னவன வாரிக்கினு பூட்ச்சி’ என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லி அழுகிறார். ஒரு பாவமும் அறியாத பிள்ளை மேல் பழி போடுகிறாரே என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன். தன் கையால் ஊற்றின தண்ணீர் என்று தெரிந்தால் அந்த மனிதர் ஏரியில் இறங்கினால் திரும்பிக் கரைக்கு வரமாட்டார். ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், அவரையும் கொடுக்க என்னால் ஆகாது. அதனால் பெற்றவள் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். அந்தப் பழியை நீயே சுமந்துகொள் ராசா. தண்ணீர் என்ற பேச்சை இனி எடுக்காதே.

இதோடு முடித்து நேற்றே தபாலில் போட்டிருப்பேன். சிராய்ப்போடு திரும்பி வந்த தோணி வாசலில்தான் கிடக்கிறது, பலகை இடுக்கெல்லாம் விரல் நுழைகிற அளவுக்கு விட்டுப்போய்விட்டது. பார்க்கப் பொறுக்காமல் நேற்றுக் காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோனேன். உன் நைனா எழுந்து வந்து குடத்தை என் கையிலிருந்து வாங்கி, தள்ளிப் போய் மணலில் ஊற்றிவிட்டு, ‘வாணாம் தாயாரு’ என்று மட்டும் சொன்னார். தோணி காய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை அவர். அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துதான், வேறு யாரும் தண்ணீர் என்று சொல்லிவிடும் முன்னால் ஜீப் ஜீப் என்று கத்திக்கொண்டே இருக்கிறார் போலிருக்கிறது.

எப்படியானாலும் நீ எழுது. நைனா, நான் சொன்ன வண்டி சரியில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுது. அவருக்குத் தெரியாது என்றால் நம்பிவிடுவார். தெரியும் என்றால், நீ அவரை மன்னித்துவிட்டாய் என்று புரிந்துகொள்வார். நான்தான் படித்துக் காட்ட வேண்டும், குரல் நடுங்காமல் படித்துவிடுவேன்.

அங்காளம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், நீ நூறு வயது இருந்து பிள்ளை குட்டிகளோடு வாழ வேண்டும். எந்த வண்டியில் ஏறினாலும் பார்த்து ஏறு. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, பதிலை என் பேருக்கு எழுதாமல் நைனா பேருக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
நா. தாயாரம்மாள்