ஸ்டாண்டில் தொங்கிய சைக்கிள்

ரஸ்ஸல்,

ஆறு வாரம் ஆராய்ந்து நீ வாங்கிய ரிப்பேர் ஸ்டாண்டில் பஞ்சரான என் சைக்கிள் மூன்று வாரமாகத் தொங்கியது. சைக்கிளை எந்த இடத்தில் கவ்விப் பிடிப்பது என்று நீ இன்னும் வீடியோ பார்க்கிறாய். நான் தினமும் விடியலில் ஆஸ்பத்திரி வேலைக்கு நடந்தே போனேன். கால் ஓய்ந்துவிட்டது.

நேற்று பக்கத்து வீட்டு மொய்ரா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்னடி நோலீன், உன் வீட்டுக்காரர் வண்டிய தூக்குல போட்டுட்டாரா? ஒரு பஞ்சருக்கு இவ்ளோ அலங்காரமா? இறக்குடி!"

இருவரும் சைக்கிளை இறக்கி, புல்லில் தலைகீழாகக் கவிழ்த்தோம். டீ ஆறுவதற்குள் பஞ்சர் ஒட்டி முடித்தோம்.

இன்று சைக்கிளில் போகிறேன். ஃபிரிட்ஜில் ஆட்டுக்கறி சூப் இருக்கிறது, சூடாக்கிக்கொள். கோபமில்லை, அலுப்புதான்.

நோலீன்

பி.கு.: ஸ்டாண்ட் காலியாக இருக்கிறதே என்று உன் சைக்கிளை மாட்டிவிடாதே. திங்கட்கிழமை நீ வேலைக்குப் போக வேண்டும்.