நூம்பல் மனைக்கு ஒரு பெட்ரோல் பங்க்

பிப்ரவரி 11, 2025

காலை முழுக்க நகரமைப்புத் திட்ட அலுவலகத்தில். நூம்பலில் வீட்டை ஒட்டிய எங்கள் காலி மனை குடியிருப்புப் பகுதிக்குள் வருகிறதாம். பெட்ரோல் பங்க் வைப்பதென்றால் முதலில் அதை வணிகப் பகுதியாக மாற்ற வேண்டுமாம். நோட்டீஸ் ஒட்டுவார்கள், அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை சொல்லலாம், அப்புறம் விசாரணை. ஆகஸ்டுக்குள் உத்தரவு வராவிட்டால் எண்ணெய்க் கம்பெனி என் பிள்ளை ஜாகிருக்கு ஒதுக்கிய பங்க் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அம்பத்தூர் பட்டறையில் இரும்பு அச்சு விழுந்து அவன் வலது கால் போனது. அதற்குப் பிறகு வீட்டிலேயே முடங்கிக் கிடந்தான். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் பங்க் கிடைத்திருக்கிறது என்று தெரிந்த அன்றுதான் தாடியைத் திருத்திக்கொண்டான். இது போனால் அவன் திரும்பவும் கட்டிலில் படுத்துவிடுவான். எனக்குத் தெரியும்.

மார்ச் 18

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு வனஜாக்கா மதில் ஓரம் வந்து நின்றார். "இன்னா பானு, எங்க ஊட்டு போர் தண்ணில பெட்ரோல் எறங்கிடாதே?" இறங்காதக்கா, தொட்டி கட்டித்தான் புதைப்பார்கள் என்றேன். அவர் வீட்டுக்காரர் கஜபதி அண்ணன் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டுக்கொண்டே நின்றார்.

எதிரே புது அடுக்குமாடியில் ஒருத்தரும் நின்றுகூடப் பார்க்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

மார்ச் 26

நோன்பு. தலைவலி. இதுவரை ஒரு ஆட்சேபணையும் வரவில்லை என்று என் வீட்டுக்காரர் விசாரித்துவிட்டு வந்தார்.

மார்ச் 31

பெருநாள். வழக்கமாக வனஜாக்கா வீட்டுக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டுக்கும்தான் பிரியாணி கொடுத்தனுப்புவோம். இந்தத் தடவை அடுக்குமாடி முழுவதற்கும் கொடுத்தேன். பிரியாணி வேண்டாதவர்களுக்குச் சேமியா பாயசம். ஜாகிர், "இந்த வருஷம் வேணாம்மா, தப்பா நெனைப்பாங்க" என்றான். பெருநாள் சோற்றில் என்னடா தப்பு என்று வாயை அடைத்தேன்.

ஏப்ரல் 9

அடுக்குமாடி மொத்தமும் கையெழுத்துப் போட்டு ஆட்சேபணை கொடுத்திருக்கிறது. மைதிலி என்று ஒரு பெண்தான் முன்னால் நிற்கிறாளாம். முன்பின் தெரியாதவர்கள் வீடு வீடாகச் சாப்பாடு அனுப்புகிறார்களே, என்ன விஷயம் என்று விசாரித்தார்களாம். அப்போதுதான் நோட்டீஸைப் போய்ப் படித்திருக்கிறார்கள்.

ஜாகிர் மெதுவாகத்தான் சொன்னான். "அந்த நோட்டீஸ யாருமே படிக்கலம்மா. உன் டப்பா போனப்புறம்தான் படிச்சாங்க."

கத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 10

தூக்கமே வரவில்லை. அல்லாஹ்வுக்காகக் கொடுத்தேனா, பங்க்குக்காகக் கொடுத்தேனா? இரண்டும்தான். அப்படி நினைத்தால் என்ன குற்றம்? பெத்தவளுக்கு இந்த ஆசைகூட இருக்கக் கூடாதா — தெரியல. எனக்கு ஒண்ணும் தெரியல.

மே 20

விசாரணை. மைதிலி தன் போனில் எங்கள் பிரியாணி டப்பா படத்தைக் காட்டி, ஒப்புதல் வாங்கத்தான் சாப்பாடு அனுப்பினார்கள் என்றாள். இவருக்கு முகம் கறுத்துவிட்டது. பெருநாள் வழக்கம் சார் என்றார். அதிகாரி கஜபதி அண்ணனைப் பார்த்து, நீங்கள் பழைய ஆள், நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் எழுந்தார். "பாய் ஊட்லேர்ந்து எங்களுக்கு வருஷா வருஷம் வரும் சார். எங்க ஊட்டுப் பொண்ணு கல்யாணத்துல மொதல் ஆளா நின்னவங்க." எனக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. "அடுக்குமாடிக்கும் வருஷா வருஷம் போகுமா?" என்று கேட்டார் அதிகாரி. அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "இல்ல சார், இந்த வருஷம்தான்" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். எங்களுக்காக ஒரு பொய். சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதால் திட்டவும் வழியில்லை.

ஜூலை 24

நிராகரித்துவிட்டார்கள். சுற்றிலும் வீடுகள், நிலத்தடி நீர், குடியிருப்போர் எதிர்ப்பு. இவர் உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு ஜாகிரிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 30

பங்க் மாங்காட்டுப் பக்கம் யாருக்கோ போய்விட்டது. ஜாகிர் தாடியை வெட்டுவதில்லை.

நவம்பர் 16

ஜாகிர் வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. வேலப்பன்சாவடியில் ஒரு பங்க்கில் பெட்ரோல் போடுகிறான். அவனாகவே போய்க் கேட்டு வாங்கிய வேலை.

கஜபதி அண்ணன் இன்று வாசலில் வந்து நின்றார். விசாரணைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "தம்பிய அங்க பாத்தேன் பானு. நின்னுக்கினே கீறான். ஒக்கார எதுனா குடுங்கய்யான்னு மொதலாளியாண்ட சொன்னேன். இங்க யாரும் ஒக்கார்றது இல்லன்ட்டான்."

உள்ளே வாங்கண்ணே என்றேன். வரவில்லை.

பிள்ளை வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டைக்காலைக் கழற்றினான். வெந்நீர் வைத்து வாசலில் கொடுத்தேன். கை மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொண்டது. அவன் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைத்தேன். மூன்று தடவை அலசியும் பெட்ரோல் வாடை போகவில்லை.