எழுத்து மட்டும் போய்ச் சேரவில்லை

திருச்செங்கோடு
10.02.2024

அன்புள்ள மாதேஷ் தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம். நீங்கள் போர் போடுகிற ரிக் கேம்ப்பில் டவரும் கிடைப்பதில்லை. அதனால் டைப் செய்து அனுப்புகிறேன். டவுனுக்குப் போகும்போது படித்துக்கொள்.

உன்னோடு அங்கே வேலைக்கு வந்த உன் அண்ணன், கேம்ப்பிலிருந்து காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கென்று பஸ் ஏறிப்போய் ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அந்த ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை என்கிறார்கள். போனையும் சார்ஜில் போட்டபடி விட்டுப் போனவருக்கு, இந்தியில் தண்ணீர் கேட்கத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

‘காணவில்லை’ நோட்டீஸ் கேட்டாயே, பி.டி.எஃப். இத்துடன் இருக்கிறது. இந்தியில் எழுதிக் கொடுத்தவள் சுனிதா; குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிற சத்தீஸ்கர்க்காரி. பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் அன்புச்செல்வி அதைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். சுனிதா திரையில் படித்துச் சரியென்றாள். கூப்பிடுகிறவர்களோடு பேச வேண்டுமே என்று அவள் நம்பரையே போட்டிருக்கிறோம். படம், எங்கள் கல்யாண ஆல்பத்தில் வெள்ளைச் சட்டையோடு இருப்பது.

அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. நீயாவது வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி,
ரஞ்சிதா

*

ரிக் கேம்ப், ராய்ப்பூர் பக்கம்
28.02.2024

அன்புள்ள அண்ணிக்கு, மாதேஷின் வணக்கம்.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நோட்டீஸை இங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, சந்தை, ஆஸ்பத்திரி என்று கண்ட சுவரிலெல்லாம் ஒட்டினேன். ஒரு போன்கூட வரவில்லை என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் இந்த ஊர்க்காரர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று டீக்கடையில் ஒரு நாமக்கல் லாரி நின்றது. டிரைவர் அங்கமுத்து வெகுகாலமாக வடக்கே ஓட்டுகிறவர், இந்தி படிப்பார். சுவரில் இருந்ததைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இதுல ஒண்ணுமே எழுதலீங்களே?”

“எழுதியிருக்குதுங்களேண்ணா, இந்தியில.”

“எழுத்து இருக்குதுங்க. சொல்லு இல்லீங்க. கானா, தானான்னு அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்குது.”

டீக்கடைக்காரரையும் விசாரித்துச் சொன்னார். வெள்ளைச் சட்டைப் படத்தைப் பார்த்து, அண்ணனை யாரோ கட்சிக்காரர் என்று நினைத்தார்களாம்.

ஜெராக்ஸ் கடைக்காரன் அன்றைக்குத் திரையைக் காட்டித் திரும்பத் திரும்ப ஏதோ கேட்டான். எனக்கு என்ன தெரியும் அண்ணி? தலையைத் தலையை ஆட்டினேன்.

என்ன செய்யட்டும் சொல்லுங்கள்.

மாதேஷ்

*

திருச்செங்கோடு
02.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுவரில் இருந்ததை நீ போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதை அன்புச்செல்வியிடம் காட்டினேன். உடனே பழைய கோப்பைத் திறந்து பார்த்தாள்.

அவள் அடித்தது ஏதோ பழைய இந்தி ஃபான்ட். பி.டி.எஃப். போட்டபோது அந்த ஃபான்ட் கோப்போடு சேரவில்லை; எழுத்துகளின் வடிவம் இவள் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. அந்த ஜெராக்ஸ் கடையில் அதே பெயரில் வேறு ஃபான்ட் இருந்திருக்க வேண்டும் என்கிறாள். அது தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டுவிட்டது. படம் போனது, நம்பர் போனது, எழுத்து மட்டும் போய்ச் சேரவில்லை. இங்கே எப்போது திறந்தாலும் சரியாகவே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த ஃபான்டையே கோப்புக்குள் பதிக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. பிறகு வேறொரு யூனிகோடு ஃபான்டில் முழுக்க மறுபடி அடித்து, அதை உள்ளே பதித்துக் கொடுத்தாள். சுனிதாவின் போனிலும் பக்கத்து மருந்துக்கடைக் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்துவிட்டோம்.

“இனி எங்க தொறந்தாலும் இப்படியேதானுங்கக்கா வரும்” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை. திட்ட எனக்கு வாய் வரவில்லை. யாரைத்தான் திட்டுவது?

பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி,
ரஞ்சிதா

*

ரிக் கேம்ப்
09.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

புது நோட்டீஸைப் பார்த்து ஒரு நர்சம்மா கூப்பிட்டதாக நீங்கள் சொன்னதும் அந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சுனிதாவைப் போனில் வைத்துக்கொண்டே பேசினேன்.

அண்ணன் அங்கேதான் இருந்திருக்கிறார். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பஸ்ஸில் மயங்கிக் கிடந்தவரைக் கடைசி ஊரில் தூக்கிச் சேர்த்திருக்கிறார்கள். மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டில். பாஷை புரியாமல் பெயரும் தெரியாததால் ‘மதராசி’ என்று எழுதி வைத்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்ததாம். புது நோட்டீஸ் ஒட்டுவதற்கு முந்தின வாரம், ஒருநாள் காலையில் பார்த்தால் கட்டில் காலி; யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்க முடியாது. அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்கு நான் முன்பே ஒருமுறை போயிருக்கிறேன். பழைய நோட்டீஸை வாட்ச்மேனிடம் நீட்டினேன். பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார், ஒன்றும் புரியாமல் என்னை வெளியே போகச் சொன்னார். தூணில் ஒன்றை ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அண்ணன் மேலேதான் படுத்திருந்திருக்கிறார்.

மாதேஷ்

*

திருச்செங்கோடு
11.03.2024

மாதேஷ்,

கேட்டு வரைக்கும் போனவன் உள்ளே போயிருக்கக் கூடாதா? ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்திருக்கக் கூடாதா? எழுத்து தப்பாகப் போனது, சரி. உன் கண்ணுக்கு என்ன? உன் கூடப் பிறந்தவர்தானே அவர்?

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

ரஞ்சிதா

*

திருச்செங்கோடு
02.04.2024

அன்பு மாதேசு சாமிக்கு,

மன்னித்துக்கொள் என்று நான் அனுப்பியதை நீ திறக்கவே இல்லை. போனும் அணைந்தே கிடக்கிறது. ரிக் முதலாளி தங்கசாமி அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“வண்டி ஒடிசா போகுதுன்னதும் அவன் வரமாட்டேன்னுட்டானுங்கம்மா. நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கிட்டு ரயிலடிக்குப் போனவன்தானுங்க. எந்தப் பக்கம் போனான்னு தெரியலீங்க” என்றார்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. உள்ளே விட்டிருந்தால் நீ போகாமலா இருந்திருப்பாய்? பாஷை தெரியாத ஊரில் ஒரு கேட்டைத் தாண்டுவது என்ன பாடு என்று, இங்கே உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன தெரியும்? யாரிடம் கோபப்படுவதென்று தெரியாமல், கைக்கு எட்டிய உன்னிடம் கோபப்பட்டுவிட்டேன்.

சுனிதாவுக்குத் தினமும் போன் வருகிறது. எல்லோரும் நோட்டீஸைத் தெளிவாகப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். துர்க்கில் பார்த்தேன் என்கிறார் ஒருவர், பிலாஸ்பூரில் என்கிறார் இன்னொருவர். விசாரித்தால் வேறு யாரோ. முந்தாநாள் கூப்பிட்டவர், நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு திரிகிற ஆளுக்கே உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கிறது என்றாராம். எந்த ஊர் என்று சுனிதா கேட்டிருக்கிறாள். ரயில் எங்கோ நின்றபோது பார்த்தேன், ஊர்ப் பெயரைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

நேற்று அன்புச்செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அக்கா, மாதேஷ் அண்ணன் படம் ஏதாச்சும் இருக்குதுங்களா?” எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் படத்தை நான் தரமாட்டேன்.

அத்தை இப்போதெல்லாம் அண்ணனைப் பற்றியும் கேட்பதில்லை, உன்னைப் பற்றியும் கேட்பதில்லை. கேட்கப் பயம்.

தேடினது போதும், ஊட்டுக்கு வந்துவிடு சாமி. கதை கதையாக எழுத வேண்டாம். ‘வாரேன்’ என்று ஒரு சொல் அனுப்பு. அது எந்த எழுத்தில் வந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

உன் அண்ணி,
ரஞ்சிதா